இடையில் ஒன்பது மணி நேரம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மூணுமணி. முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடை அது. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டிய பயணமென்றால், நடுவில் மூன்று மணி நேரமாவது இல்லாமல் அவள் டிக்கெட் போடமாட்டாள். தலைகீழாக நின்றாலும் போடமாட்டாள். "ஒரு மணி நேரம் போதும்மா, நான் ஓடிப் பிடிச்சுருவேன்" என்று வாட்டசாட்டமான ஆள் வந்து மல்லுக்கட்டினால், "நீங்க ஓடுவீங்க சார், உங்க பெட்டி ஓடுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

சும்மா வந்த பிடிவாதம் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு முக்கால் மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். முதல் விமானம் தாமதம், அடுத்தது பறந்தே போயிற்று. அந்தப் பெண் முன்பின் தெரியாத ஊரில், விமான நிலையத் தரையில், குழந்தையோடு இரண்டு நாள் கிடந்தாள். அன்றைக்குப் பிடித்த பிடி. அதற்குப் பிறகு அவள் போட்ட டிக்கெட்டில் ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

"தூரம் ஆண்டவன் போட்டது சார், அதை ஒண்ணும் பண்ண முடியாது. நேரம்தான் நாம போடறது" என்பாள். இந்த வசனத்தைக் கேட்காமல் அந்தக் கடையில் யாரும் டிக்கெட் வாங்கியிருக்க முடியாது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு அக்கா, உலகத்தின் அந்தக் கோடியில். ஓட்டல்களுக்கு விரிப்பும் துண்டும் வெளுத்துத் தருகிற ஒரு பெரிய சலவை ஆலையில் மேற்பார்வை வேலை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். இவளுக்கோ கட்டியவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பிள்ளை குட்டி இல்லை. ஆக இந்தப் பெரிய உலகத்தில் அவளுக்கு இவள், இவளுக்கு அவள். நடுவில் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுகிறவள், அக்காவைப் பார்க்க ஒரு டிக்கெட் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளித் தள்ளியே காலம் ஓடிவிட்டது. போன் இருக்கிறதே, வாராவாரம் பேசுகிறோமே என்று ஒரு சமாதானம்.

அந்தப் போனில்தான் அக்கா ஒருநாள், காய்கறி விலை சொல்வதுபோல, "மண்டைக்குள்ள ஒரு கட்டியாம்டி" என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். உயிருக்குப் பெரிய பயமில்லையாம். ஆனால் கட்டி இருக்கிற இடம் பொல்லாத இடமாம். வெட்டி எடுத்த பிறகு பேச்சு எப்படி இருக்கும், ஆட்களை அடையாளம் தெரியுமா தெரியாதா என்று யாரும் கையடித்துச் சொல்லமாட்டேன் என்கிறார்களாம்.

"அதுக்கு முன்னாடி வந்துருடி" என்றாள் அக்கா. "நான் நானா இருக்கும்போது ஒரு தடவை உன் மூஞ்சியப் பாத்துடணும். அப்புறம் நான் யாரா எந்திரிப்பேனோ, யாருக்குத் தெரியும்?"

போனை வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நேரடி விமானம் கிடையாது. எட்டு மணி நேரம் பறந்து நடு ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து இன்னும் ஆறு மணி நேரம். நடு ஊரிலிருந்து அக்கா ஊருக்கு நாளுக்கு இரண்டே விமானம். ஒன்றைப் பிடிக்க ஒன்றேகால் மணி நேரம்தான் இருக்கும். அது அறுவைக்கு முந்தின நாள் காலையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றதற்கு ஒன்பது மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அது சாயங்காலத்துக்குள் சேர்க்கும். எப்படிப் போனாலும் ஓர் இரவு மிச்சம் இருக்கிறது. முழுசாக ஓர் இரவு அக்கா பக்கத்தில் இருக்கலாம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "அக்காவாச்சேம்மா, முதல் விமானத்துலயே போயேன்" என்றார்.

"ஒண்ணேகால் மணி நேரமா? எனக்கேவா?" என்று சிரித்தாள். கை தன்பாட்டுக்கு இரண்டாவதைத் தட்டிவிட்டது.

பெட்டி கட்டினாள். மழித்த தலைக்குக் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணிகள், முன்பக்கம் பொத்தான் வைத்த இரவு உடைகள், ஒரு பிளாஸ்க். பெட்டியை அக்கா ஊர் வரைக்கும் நேராகப் போட்டு, சீட்டை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். எல்லாம் சட்டப்படி, எல்லாம் ஒழுங்கு.

ஊரிலிருந்து ஏறிய விமானம் அன்றைக்கென்று சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்கியது. விதியைப் பாருங்கள், வருடக்கணக்காக மற்றவர்களுக்கெல்லாம் தாமதமாக வந்த விமானம் இவளுக்கு மட்டும் முந்திக்கொண்டு வந்தது.

அக்கா ஊருக்குப் போகிற அந்த முதல் விமானம், இவள் இறங்கிய இடத்திலிருந்து நான்கைந்து வாசல் தள்ளி நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஓடக்கூட இல்லை. ஆடி அசைந்து போய் வரிசையில் நின்றார்கள். ஒரு கிழவர் நடுவில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் போனார். அவருக்கே நேரம் இருந்தது. இவளுக்கு லேசாக எரிச்சல் வந்தது.

அங்கே நின்றிருந்த விமான நிறுவனப் பெண் ஒருத்தி இவள் சீட்டைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் பச்சைத் துணி.

"மேடம், உங்க விமானத்துல ஆள் ரொம்ப அதிகமாயிடுச்சு. இதுல இடம் நிறைய காலியா இருக்கு. இப்பவே மாத்திவிடட்டுமா? காசு எதுவும் வேண்டாம்."

கும்பிடப் போன தெய்வம் எதிரே வந்து நின்றமாதிரிதான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பார்கள். மூணுமணி என்ன கேட்டாள் தெரியுமா?

"என் பெட்டி?"

"அது பின்னாடி வர்ற விமானத்துல வரும் மேடம். நாளைக்கு வாங்கிக்கலாம்."

அவ்வளவுதான், வந்துவிட்டது தொழில் புத்தி. ஆள் ஒன்றிலும் பெட்டி ஒன்றிலும் போனால் என்னென்ன கூத்து நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குப் பெட்டி தேடிக் கொடுத்திருப்பாள்! தலைத்துணியும் இரவு உடையும் அதில்தானே இருக்கிறது. அறுவை நாளைக்குத்தானே. "வேண்டாம்மா, நான் என் விமானத்துலயே வர்றேன்" என்றாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு வேறு ஆள் தேடிப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலை மூடினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் பின்னால் நகர்ந்து, திரும்பி, போய்விட்டது.

பிறகு ஒன்பது மணி நேரம். வாய்க்கு வந்தபடி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், "ஒன்பது மணி நேரம் என்ன சார், ஒரு டீ குடிச்சு, ஒரு தூக்கம் போட்டா ஓடிடும்" என்று. ஓடவில்லை. டீ குடித்தாள். ஆறிப்போன ரொட்டி ஒன்றைக் கடித்தாள். நாற்காலிகளுக்கு நடுவே இரும்புக் கை வைத்திருந்ததால் படுக்க முடியவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்த குடும்பங்கள் எழுந்து போயின, வேறு குடும்பங்கள் வந்தன. ஒரு பெண் தன் தங்கையின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பேன் பார்ப்பதுபோல் முடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். இவள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். இத்தனை ஜனத்துக்கு நடுவில், ஒரு வார்த்தை பேச ஓர் ஆள் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். ஆனால் அங்கே சுவர் நான்கும் பழகிய சுவர்.

அவளுடைய விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தபோது போன் அடித்தது. அக்கா.

"ஏய், எங்கடி இருக்க?"

குரல் குழறியது. "என்னக்கா? என்ன ஆச்சு?"

"காலைல இருந்து தலை பிளக்குதுடி. வாந்தி வேற. மறுபடியும் படம் எடுத்தாங்க. நாளைக்கு வரைக்கும் தாங்காதாம். இப்பவே உள்ள கொண்டு போறோம்னு நிக்கிறாங்க. நீ எங்க இருக்க?"

 அந்த முதல் விமானம் இந்நேரம் இறங்கியிருக்கும். இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். செருப்பு வாரைச் சரிசெய்த கிழவர்கூட வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அவள் மட்டும் அதில் இருந்திருந்தால், இந்த நிமிடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"சொல்லுடி. உன் கணக்கெல்லாம் எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல. வந்துட்டியா இல்லையா?"

"வந்துட்டேன்க்கா" என்றாள்.

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இறங்கிட்டேன். வண்டில இருக்கேன். இதோ, அரை மணி நேரம். நீ தைரியமா உள்ள போ, நான் வாசல்லயே இருப்பேன்."

வாழ்க்கையில் நேரத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. பயப்படாமல் போகட்டும், கதவுக்கு வெளியே நம் ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்போடு போகட்டும் என்றுதான் சொன்னாள். வேறென்ன செய்வாள் பாவம்?

"அப்படியா!" அக்காவின் குரலில் அப்படியொரு தெம்பு. "அப்ப நான் உன்னப் பாத்துட்டுதான் உள்ள போவேன். அரை மணி நேரம்தானே, இருக்கச் சொல்றேன்." போன் அணைந்துவிட்டது.

 திரும்பக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. வரிசை நகர்ந்து முடிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆள் இவளையே பார்த்தான். முக்கால் மணி நேரத்தில் எத்தனை முறை அழுத்தினாளோ, கடைசியில் எடுத்தது ஒரு நர்ஸ்.

"நீங்கதான் தங்கச்சியா? எங்கம்மா இருக்கீங்க? உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறோம். டாக்டர் தயாரா இருக்காரு. இவங்க தள்ளுவண்டில ஏற மாட்டேங்குறாங்க. தங்கச்சி வந்தாதான்னு கட்டிலப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாங்க. நேரம் போகப் போக ஆபத்தும்மா, சொல்லிட்டேன். எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"சிஸ்டர்... நான் இன்னும் விமானமே ஏறலை."

அக்காவுக்குக் கேட்காமல் நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டர். அவ பயப்படக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்க எப்படியாவது உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா? முக்கால் மணி நேரமா சொல்லிட்டுதான் இருக்கோம். நீங்களே சொல்லுங்க. காதுல வைக்கிறேன்."

அக்காவின் மூச்சு கேட்டது. "எங்கடி, கீழ வந்துட்டியா?"

சொல்லித்தான் ஆக வேண்டும். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னாள். "அக்கா, நான் வரலைக்கா. நடு ஊர்லதான் இருக்கேன். இப்பதான் ஏறப் போறேன்."

"தூரமா?"

"தூரம்க்கா."

"எவ்வளவு தூரம்?"

"நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்."

"அது எவ்வளவு நேரம்?"

"ஆறு மணி நேரம். இறங்கி வர ஒரு மணி நேரம்."

 அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது.

"அப்ப ஏன்டி வந்துட்டேன்னு சொன்ன?"

"நீ பயப்படுவியேன்னுதான்க்கா..."

"இதுவரைக்கும் பயமில்லாமதான்டி இருந்தேன்" என்றாள் அக்கா. "இப்பதான் பயமா இருக்கு."

 இரண்டு பேரும் அழுதார்கள். நர்ஸ் ஏதோ சொல்வது கேட்டது. அக்கா, "சரி, கொண்டு போங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல். இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. போன் மட்டும் அணையாமல் தலையணைப் பக்கம் கிடந்திருக்க வேண்டும். சக்கரம் உருளுகிற சத்தம், யாரோ வழி விடச் சொல்கிற சத்தம், ஒரு கதவு. பிறகு நர்ஸ் போனை எடுத்தாள்.

"உள்ள போயாச்சும்மா. வெளிய இருக்க வேற யாராவது வருவாங்களா?"

"யாரும் இல்ல சிஸ்டர்."

"சரி, சரி. நீங்க வந்து சேருங்க" என்றாள் நர்ஸ். குரலில் கோபம் போயிருந்தது, அதுதான் இவளை இன்னும் வதைத்தது.

வாசல் ஆள், "மேடம், நீங்கதான் கடைசி" என்றான். போய் ஏறினாள்.

அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல? முன்சீட்டின் முதுகில் சின்னத் திரை. நீலக் கடலுக்கு மேல் ஒரு வெள்ளை விமானம், கீழே இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எண்கள். அவளுக்கு மனப்பாடமான எண்கள்தான். ஊர் பெயர்களைச் சொன்னால் போதும், புத்தகம் பார்க்காமல் தூரம் சொல்வாள். ஒரு தடவை முதலாளி பந்தயம் வைத்துத் தோற்றிருக்கிறார். இப்போது அந்த எண்கள் குறைகிற வேகத்தைப் பார்த்தால் விமானம் நிற்கிறதோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள், "முதல் தடவையா போறீங்க? பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு மிட்டாயை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அது உருகிப் பிசுபிசுத்தது.

இப்போது மண்டையைத் திறந்திருப்பார்கள். இப்போது வெட்டிக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்குள் எந்த மூலையில் இவள் இருக்கிறாளோ? சின்ன வயதில் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, அடித்தது, அடித்துவிட்டு மருந்து போட்டது எல்லாம் எந்த மூலையில் இருக்கிறதோ? கத்தி அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

இறங்கியதும் ஓடினாள். பெட்டி வருகிற இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. நிற்கவில்லை. எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பணியிலிருந்த டாக்டர், இளம் வயது, கண்ணெல்லாம் தூக்கம். "உயிருக்கு ஆபத்தில்லை" என்றார். கட்டியை எடுத்தாகிவிட்டதாம். மயக்கம் தெளிந்து கண் திறக்கிறாராம், கை கால் அசைகிறதாம். "ஆனா பேச்சு இன்னும் வரலை. நாங்க கேட்டதுக்குச் சரியா பதிலும் இல்ல. ஆளைத் தெரியுதா தெரியலையான்னு இப்ப சொல்ல முடியாது. சில நாள் ஆகலாம்."

"டாக்டர், அந்த முக்கால் மணி நேரம்... எனக்காகக் காத்திருந்தாங்களே... அதனால ஏதாவது?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

பாதங்களுக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். தலையில் வெள்ளைக் கட்டு, முகம் ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. அக்கா இத்தனை சிறியவளா? கட்டிலின் பாதிகூட நிரம்பவில்லை. வலது பக்கம் ஒரு முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, "அக்கா" என்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். இவள் முகத்தையே பார்த்தாள். சலனமே இல்லாத பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தாளோ! பிறகு கண்ணை இவளிடமிருந்து பிடுங்கி, இடது பக்கச் சுவரின்மேல் வைத்துக்கொண்டாள்.

 ஊசி மருந்து மாற்ற வந்த வேறொரு நர்ஸ், "மனசுல வச்சுக்காதீங்கம்மா, யாரு என்னன்னு இப்ப அவங்களுக்குத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

தெரியாதா? யாரோ ஒருத்தி என்று நினைத்துத்தான் கண்ணைத் திருப்பினாளா? அப்படியென்றால் வந்தும் வராததுதான். இந்த ஊரில், எந்த ஊரிலும், இனி இவளுக்கு யாருமில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் போனாள். அக்காவின் பார்வைக்கு நேரே குனிந்தாள். "அக்கா, நான்தான். வந்துட்டேன். நிஜமாவே வந்துட்டேன்க்கா."

அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, மெதுவாக, வலியோடு, கண்ணை வலது பக்கம் கொண்டுபோனாள்.

இவள் முக்காலியை விட்டுவிட்டு வெறுமனே சுற்றி ஓடினாள். வலது பக்கம் முகத்தை நீட்டினாள். அக்காவின் புருவம் சுருங்கியது. கீழ் உதடு பிதுங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறவர்கள் மூடுவார்களே, அந்த மூடல். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

மூணுமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் பதறிக்கொண்டு வந்தாள். "அழாதீங்கம்மா, சத்தம் போடக் கூடாது இங்க. அடையாளம் தெரியலையேன்னு அழறீங்களா? போகப் போகத் தெரிஞ்சுரும்மா."

"அதுக்கு அழலை சிஸ்டர்" என்றாள் அவள். "நல்லாத் தெரிஞ்சிருக்கு."